ஒரு ஆள் போதும் என்று சொன்னவள்

அன்புள்ள மகன் அந்தோணிக்கு,

உன் கடிதம் வந்து இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. கோயில் உபதேசியார்கூட, "சொல்லுங்கம்மா, நான் எழுதித் தர்றேன்" என்று பேனாவோடு வந்து உட்கார்ந்தார். வேண்டாம் என்று மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன். இதை இன்னொருத்தர் கையால் எழுத வைக்க முடியாது. கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்த கை இது. அதற்கப்புறம் பதினேழு வருஷம் உலக்கை பிடித்த கை. எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள். டீக்கடையில் நாலு பேர் நடுவில் வைத்துப் படிக்காதே. அறைக்குப் போய் உட்கார்ந்து படி.

நீ இரண்டு விஷயம் எழுதியிருக்கிறாய். தை மாதக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தாகிவிட்டது, உன் ஞானத்தாய் சவேரியம்மாளுக்கு நீயே உன் கையால் எழுதி அனுப்ப வேண்டும், விலாசம் தேடி அனுப்புங்கம்மா என்பது ஒன்று. பெரம்பலூரில் நீ வேலை பார்க்கும் கடலை மண்டிக்குப் புது மிஷின் வருகிறது, இப்போது நாற்பது பெண்கள் உட்கார்ந்து கையால் கடலை உடைக்கிறார்கள், மிஷின் வந்தால் எத்தனை பேர் போதும் என்று முதலாளி உன்னைக் கேட்டார் என்பது இன்னொன்று. "ஆறு பேர் போதும்னு சொல்லிட்டேம்மா. வர்ற மாசம் மொத திங்கக்கிழமை பேரெழுதிக் கொடுக்கணும். கொடுத்துட்டா நான் ஹெட் பிட்டர்" என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷத்தில் பேனா அழுந்தி அந்த வரியில் தாள் கிழிந்திருக்கிறது. நீ இரண்டையும் வேறு வேறு விஷயம் என்று நினைத்து எழுதியிருக்கிறாய். எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், உன் அம்மா மிஷினுக்கு எதிரி இல்லை. நெல்லுக் குத்துகிறவளுக்குக் கல்லுப் பரிட்சை தெரியுமா என்பார்கள். சரி, எனக்கு உன் மிஷின் தெரியாது. உலக்கை தெரியும். நெல் குத்துவதைப் பற்றி ஆகா ஓகோ என்று பேசுகிறவர்கள் யாரும் குத்தினவர்கள் இல்லை. பெரிய வீட்டு நெல்லை அவித்து, காயவைத்து, குத்தி, புடைத்து, அரிசியைத் தலையில் சுமந்து கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தால் இடுப்பு என்று ஒன்று இருப்பதே வலியினால்தான் தெரியும். உனக்கு முன்னால் ஒரு பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போனது. மருத்துவச்சி என் உள்ளங்கையைத் திருப்பிக் காய்ப்பைத் தடவிப் பார்த்தாள். "இன்னுமா குத்திக்கிட்டிருக்க?" என்று மட்டும் கேட்டாள். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. அதனால், கையால் செய்வதே புண்ணியம், மிஷின் பாவம் என்று நான் சொல்லப் போவதில்லை. அந்த உலக்கையை மறுபடி எடு என்று யாராவது சொன்னால் அவர்கள் மேலேயே வீசிவிடுவேன்.

ஒரே உரலில் எதிரெதிரே நின்று இரண்டு பேர் குத்துவோம். என் உலக்கை இறங்கும்போது சவேரியின் உலக்கை மேலே போகும். ஒருத்திக்கு ஒரு நொடி கவனம் பிசகினாலும் உலக்கையோடு உலக்கை மோதும். அதனால் எதிரே நிற்பவளின் மூச்சுக்கூட நமக்குத் தெரிந்துபோகும். உண்ணவில்லை என்றால் தெரியும், வீட்டில் சண்டை என்றால் தெரியும். அவள் புருஷன் பினாங்குக்குப் போனவர், இரண்டு வருஷம் காகிதம் போட்டார், பிறகு இருக்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. கைக்குழந்தை லூர்துவை உரலுக்குப் பக்கத்துப் புங்க மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டுக் குத்துவாள். அந்தத் தூளியை ஆட்டிவிட்டு ஆட்டிவிட்டு ஓடுவாயே, உனக்கு நினைவிருக்குமோ என்னவோ.

நீ வயிற்றில் இருந்தபோது, முந்தினது போன பயத்தில், ஏழாம் மாதம் தொடங்கியதுமே சவேரி என் கையிலிருந்து உலக்கையைப் பிடுங்கிவிட்டாள். "நீ வூட்டுக்குப் போ. புள்ளையப் பெத்துக்கிட்டு மெதுவா வா. உலக்கை எங்கயும் ஓடிப்போயிடாது" என்றாள். மூன்று மாதம், அந்தோணி. மூன்று மாதம் ஒற்றை ஆளாக, கை மாற்றிக் கை மாற்றி, இரண்டு பேர் வேலையைக் குத்தினாள். குத்துகிறவளுக்குக் கூலி அரிசியோடு தவிடும் நொய்யும் சேரும் என்பது நம் ஊர் வழக்கம். நொய்யைக் கஞ்சி வைத்தோம், தவிட்டை அடை தட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். அதில் பாதியை ஒரு நாள் தவறாமல் என் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். ஏன்டி இப்படிச் செய்கிறாய் என்று கேட்டால், "நீ நாலு மரக்கா நெல்லு அதிகமா குத்தி அப்புறமா கழிச்சுக்க" என்று சிரிப்பாள். நீ பிறந்து பதினைந்தாம் நாள் ஏலாக்குறிச்சிக் கோயிலில் உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, உன்னைக் கையில் ஏந்தி நிற்க வேறு யாரைக் கூப்பிடுவேன்? அந்த நொய்யில் ஊறிய பால்தானே நீ குடித்தது.

ஜெர்மன்காரன் சண்டை தொடங்கிய வருஷம் ரோட்டோரத்தில் ரைஸ் மில் வந்தது. உனக்கு அப்போது பதின்மூன்று வயது. உன் அப்பா காலராவில் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. டுப் டுப் என்று இன்ஜின் சத்தம் கேட்ட அன்றே ஊர்ப் பிள்ளைகளெல்லாம் அங்கேதான் கிடந்தீர்கள். நீ கருப்பெண்ணெய் பூசிய சட்டையோடு வந்து, "அம்மா, நான் இதத்தான் படிக்கப்போறேன்" என்றாய். நாங்கள் ஒரு நாளெல்லாம் குத்துகிற நெல்லை, ஒருத்தர் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் அது அரைத்துத் தள்ளியது. முதல் மாதத்திலேயே பெரிய வீட்டு வண்டிகள் எங்கள் தெருவுக்கு வருவது நின்றது. மில்லில் நெல் அவிக்கவும் களத்தில் காயவைக்கவும் பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். மேனேஜர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், நல்ல மனுஷர் என்றார்கள். "திங்கக்கிழமை காலைல ரெண்டு பேரும் சேந்து போயிப் பாப்பம்" என்று சவேரி சொன்னாள். சரி என்றேன்.

நான் சனிக்கிழமையே போனேன்.

விறகு பொறுக்கப் போவதாகச் சவேரியிடம் சொல்லிவிட்டுப் போனேன். ஏன் போனேன் என்று எட்டு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். திருச்சியில் சாமியார்கள் நடத்தும் தொழிற்பள்ளியில் உன்னைச் சேர்க்க வேண்டும் என்ற வெறி. முந்திக்கொண்டால்தான் இடம் என்ற பயம். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பது சும்மா இல்லை, ஆனால் அன்றைக்கு எனக்குப் பசிகூட இல்லை. வரப்போகிற பசியை நினைத்தே பறக்கவிட்டேன். மேனேஜர் களத்தைக் காட்டினார். "நெல்லு அவிக்கணும், பரப்பணும், தள்ளணும், மூட்டை கட்ற எடத்துல கூட்டணும். எத்தன பேரு வேணும்மா இதுக்கு? நீயே சொல்லு, ஒனக்குத்தான் தெரியும்" என்றார். அந்தோணி, அவர் என்னைத்தான் கேட்டார். பதினேழு வருஷ அனுபவக்காரி என்று மதித்துக் கேட்டார். நான் வாயைத் திறந்து, "நானே போதுங்க" என்றேன்.

திரும்பி வந்து சவேரியிடம் வேறு மாதிரி சொன்னேன். வழியில் மேனேஜரைப் பார்த்ததாகவும், அவரே கூப்பிட்டுப் பேசியதாகவும், "ஒரு ஆளுதான் வேணும்னுட்டாருடி" என்றும் சொன்னேன். அவள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "சரி புள்ள, ஒனக்குப் பையன் படிப்பு இருக்கு. நீயே போ. எனக்கென்ன, ஏதாவது கெடைக்கும்" என்றாள். உலக்கையோடு உலக்கை மோதாமல் அத்தனை வருஷம் குத்தினவளுக்கு என் மூச்சு தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தே சொன்னாளோ, நம்பித்தான் சொன்னாளோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ரோட்டுக்குக் கல் உடைத்தாள், கரும்பு வெட்டப் போனாள், பாதி நாள் சும்மா இருந்தாள். ஒரு மத்தியானம் லூர்துவைக் கூட்டிக்கொண்டு மில்லுக்கு வந்தாள். வேலை கேட்டு வரவில்லை. "அண்ணே, ஒரு மொறம் தவிடு குடுங்க. புள்ளைக்கு" என்று வாசல் காவல்காரரிடம் கேட்டாள். "தவிடெல்லாம் மொதலாளிக்கும்மா. மாட்டுத் தீவனத்துக்கு லாரி ஏறுது. போ போ" என்றார் அவர். எத்தனையோ வருஷமாக எங்கள் முறத்துக்கு வந்த தவிடு, அது. மிஷின் எங்கள் கையைத்தான் எடுத்துக்கொண்டது என்று நினைத்திருந்தேன். கையோடு தவிட்டையும் நொய்யையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது அன்றைக்குத்தான் உறைத்தது. நான் பத்து அடி தள்ளிக் களத்தில் நின்றிருந்தேன். கூப்பிட்டிருக்கலாம். மேனேஜரிடம் போய் இவளையும் சேருங்கள் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் முதல் பொய் வெளியே வந்துவிடும். குனிந்து காலால் நெல்லைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். "பெரியம்மா" என்று லூர்து கூப்பிட்டது என் காதில் விழுந்தது.

மறு வருஷம் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி ஒருவன் வந்தான். வால்பாறைப் பக்கம், மலை மேலே. சவேரி பெயர் கொடுத்துவிட்டாள். நீ அப்போது திருச்சியில் இருந்தாய். அரியலூர் ஸ்டேஷன்வரைக்கும் நான் கூடப் போனேன். ரயில் வந்ததும் தன் உலக்கையை என் கையில் கொடுத்தாள், "இத எதுக்கு மலைக்குத் தூக்கிட்டுப் போவணும். வச்சிரு, வந்து வாங்கிக்கிறேன்" என்றாள். பிறகு, "அந்தோணி கல்யாணத்துக்குக் காயிதம் போட்டுரு. எங்க இருந்தாலும் வந்து மொத மாலை நாந்தான் போடுவேன்" என்றாள். நம் சனத்தில் மாப்பிள்ளைக்கு முதல் மாலை ஞானத்தாய் கையால் என்று அவளுக்கு மறக்கவில்லை. நம் மாட்டுக் கொட்டகைக் கதவுக்கு நீ முட்டுக் கொடுத்து வைப்பாயே, அந்தப் பூண் போட்ட உலக்கை, அது அவளுடையது.

சண்டை முற்றியபோது மில்லுக்கு எண்ணெய் கிடைக்கவில்லை. இன்ஜின் நின்றுபோனது. கொஞ்ச நாள் என்றார்கள், மாதக்கணக்காக இழுத்தது. பெரிய வீட்டு வண்டி மறுபடி நம் தெருவுக்கு நெல்லோடு வந்தது. மில் அரிசிக்குப் பழகிய ஊர் திடீரென்று உலக்கையைத் தேடியது. "எங்கடி ஒன் ஜோடி?" என்று வண்டிக்காரர் கேட்டார். நான் நெல்லை உரலில் கொட்டிக் குத்த ஆரம்பித்தேன். உலக்கையைத் தூக்குகிறேன், இறக்குகிறேன், மறுபடி தூக்குகிறேன். எதிரே யாரும் இல்லை. என் உலக்கை ஏறும் நேரத்தில் உரலில் ஒரு குத்து விழ வேண்டும், விழவில்லை. பத்துக் குத்துக்கூட என்னால் குத்த முடியவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவளோ மூன்று மாதம் இப்படிக் குத்தியிருக்கிறாள் எனக்காக. ஐயோ, அந்தோணி.

அந்த நாட்களில்தான், ஓடாத மில்லைப் பெருக்கப் போனபோது, மேனேஜர் மூட்டை மேல் உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டிருந்தார். நான் ஒரு தைரியத்தில், "அய்யா, அப்ப ஒரு ஆளுதான் வேணும்னு இருந்தீங்களா?" என்று கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்தார். "இல்லியேம்மா. மொதலாளி மூணு பேரு வரைக்கும் வச்சிக்கன்னு சொல்லியிருந்தாரு. நீதான் ஒருத்தியே போதும்ன. வேலை தெரிஞ்சவ சொல்றா, நமக்கென்னன்னு விட்டுட்டேன்" என்றார். அவர் பாட்டுக்கு எழுந்து போய்விட்டார். எனக்குத் துடைப்பம் கையிலேயே இருந்தது, எங்கே பெருக்கிக்கொண்டிருந்தேன் என்பது மறந்துபோனது.

கங்காணியின் ஆள் ஒருவன் அடுத்த அறுப்புக்கு ஊருக்கு வந்தான். சவேரியைப் பற்றி ஓடிப்போய்க் கேட்டேன். "அந்தப் பொம்பளையா? மலைக்காய்ச்சலுங்க. மலைக்குப் போன மொத மழையிலயே செத்துப் போயிடுச்சே, ஒங்களுக்கு யாரும் சொல்லலயா?" என்றான். லூர்துவை வேறு தோட்டத்துக்காரர்கள் யாரோ கூட்டிக்கொண்டு போனார்களாம். எந்தத் தோட்டம், யார், ஒன்றும் அவனுக்குத் தெரியவில்லை. பங்குச் சாமியாரைக் கொண்டு மலைக் கோயில்களுக்கெல்லாம் காகிதம் எழுதச் சொன்னேன். நாலு இடத்திலிருந்து பதில் வந்தது, அப்படி ஒரு பெயரில் யாரும் இல்லை என்று. உயிரோடு இருந்தால் அந்தப் பெண் லூர்துவுக்கு இப்போது பத்தொன்பது வயது. நீ ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் "ஞானத்தாய் எப்படி இருக்காங்க" என்று கேட்பாய். தோட்டத்தில் நன்றாக இருக்கிறாள் என்று நான் சொல்வேன். அத்தனையும் பொய். பாவசங்கீர்த்தனத்தில் என் பாவங்களையெல்லாம் சொல்லியிருக்கிறேன், இதை மட்டும் சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை. முதல் முதலாக உன்னிடம்தான் சொல்கிறேன்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். கையால் கடலை உடைப்பது மாட்டு வேலை, மிஷின் வந்தால் அந்தப் பெண்களுக்கு விடுதலை என்று எழுதியிருக்கிறாய். விரல் நுனியெல்லாம் வெடித்து இரத்தம் கசிகிற வேலை அது, எனக்குத் தெரியும், நானும் ஒரு பருவம் உடைத்திருக்கிறேன். மிஷின் வரட்டும், நன்றாக வரட்டும். ஆனால் என் ராசா, விடுதலையான கை மத்தியானத்துக்கு எங்கே போய்ச் சாப்பிடும்? நாற்பது பேரின் வலியை மிஷின் வாங்கிக்கொண்டால், நாற்பது பேர் கஞ்சியையும் அதுவே குடிக்க வேண்டுமா? மிஷினுக்கு வயிறு கிடையாது. அந்தக் கஞ்சி வேறு எங்கோ போகிறது. எங்கே போகிறது என்று, மிஷினைப் பூட்டுகிறவன் நீ, உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீயே எழுதியிருக்கிறாய், மிஷினில் பருப்பு நிறைய உடைந்துபோகும், சொத்தையும் கல்லும் கலந்து வரும், கையால்தான் பொறுக்கியாக வேண்டும் என்று. அப்புறம் எப்படி ஆறு பேர்? இந்த ஆறு என்ற கணக்கு மிஷின் சொன்னதா, நீ சொன்னதா? உன் மனசுக்குள் போய்ப் பார். ஆறு என்றால் முதலாளி முகம் மலரும் என்று வந்த கணக்கா? எனக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். நான் அங்கே நின்றிருக்கிறேன். பொறுக்க, புடைக்க, மூட்டை தைக்க, அரை நாள் அரை நாளாக முறை வைத்தாவது முப்பது பேர் வேண்டும் என்று நீ சொல்லிப் பார். முதலாளி மாட்டேன் என்றால் அது அவர் தலையோடு போகட்டும். கேட்காமலேயே கொடுத்துவிட்டு வராதே. ஹெட் பிட்டர் வேலை போனால் பெண் வீட்டில் முகம் சுளிப்பார்கள், கல்யாணத்தில் ஒரு பந்தி குறையும். குறையட்டும். உனக்கு நல்லது நடக்க வேண்டும் என்று நான் இதைவிடப் பெரிய விலையெல்லாம் இன்னொருத்தியிடமிருந்து வாங்கிக் கொடுத்துவிட்டேன், போதும்.

போன மழைக்கு நீ காய்ச்சலில் கிடந்தபோது, உன் மண்டிக் கொட்டகையில் கடலை உடைக்கிற செல்லம்மாக்கா என்று ஒருத்தி ஆறு நாள் உனக்கு ரசம் வைத்துக் கொண்டுவந்ததாக எழுதினாயே. நான்கூட அவளுக்கு ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறேன், கல்யாணத்துக்கு வந்தால் கொடுக்க. அவள் பெயர் உன் ஆறு பேரில் இருக்கிறதா? இருக்கும், நீ நன்றி கெட்டவன் இல்லை. அவளோடு எதிரே உட்கார்ந்து உடைக்கிறவள் யார்? அவள் பெயர் உனக்குத் தெரியுமா?

சவேரிக்குப் பத்திரிகை அனுப்ப விலாசம் கேட்டாய். அது என்னிடம் இல்லை. எந்த மலையில் எந்த மண்ணில் அவளைப் போட்டார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. அவளை விலாசம் இல்லாமல் ஆக்கினவள் உன் அம்மா. இனிமேல் என்னை நீ எப்படிப் பார்த்தாலும் எனக்குச் சம்மதம். கோயிலில் முதல் மாலையை அந்த உலக்கை மேல் போட்டு எடுத்துக் கொடுக்கிறேன், மற்றவர்கள் பைத்தியக்காரி என்று சொன்னால் சொல்லட்டும். ஆனால் அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால் நீ ஒன்று செய்ய வேண்டும். அந்தக் கொட்டகைக்குப் போய், நீ வேண்டாம் என்று எழுதப்போகிற முப்பத்து நாலு பேரையும் தனித்தனியாக, "அக்கா, இனி எங்க போவீங்க?" என்று கேள். ஒவ்வொருத்தியும் சொல்கிற இடத்தை அவள் பெயருக்கு எதிரே எழுது. நீ என்னிடம் ஒரு விலாசம் கேட்டாய். நான் உன்னிடம் முப்பத்து நாலு கேட்கிறேன்.

அதில் ஒன்றாவது காலியாக இருந்தால், அந்தக் காகிதத்தைக் கொடுத்துவிடாதே, ஐயா.

இப்படிக்கு,
உன் அம்மா